ஒன்பதாம் வகுப்பில் எவருமில்லை

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. காரைக்கால் பக்கம், பூவத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஒண்ணுல, பதினோரு பொண்ணுங்க இருந்தும் இல்லாமப் போன கதையைச் சொல்றேன். எழுபத்தொன்பதாம் வருஷம் அது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு சரி. மேலே படிக்கணும்னா பஸ் ஏறிக் காரைக்கால் போகணும். "வயசுக்கு வந்த பொண்ணை பஸ்ல அனுப்ப மாட்டேன். இங்கேயே வகுப்பு வந்தா படிக்கட்டும்" என்று மருதையன் சொல்லிவிட்டான். மகள் அல்லி நாற்றுக்கட்டு தூக்கக்கூடாது என்பதுதான் அவன் பெண்டாட்டி பூவாயிக்கு இருந்த ஒரே ஆசை.

ஒன்பதாவது கேட்டு ஊர் மனுப் போட்டது; புதுச்சேரிப் பிரதேசம் என்பதால் அது டெல்லி வரை போகணும். பதில் வருவதற்குள் வருஷம் வீணாகுமே என்று பூவாயி வீடு வீடாகப் போய் மூங்கிலும் கீற்றும் வாங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டகை எழும்பியது. பி.எஸ்சி. முடித்து வீட்டிலிருந்த நீலாயதாட்சி சம்பளமில்லாமல் பாடம் எடுத்தாள். ஆனியிலிருந்து மாசி வரை பதினோரு பெண்கள் படித்தார்கள்.

மாசியில் டெல்லியிலிருந்து பதில் வந்தது. தலைமை ஆசிரியர் தெட்சிணாமூர்த்தி பூவாயிக்குப் படித்துக் காட்டினார். ஒன்பதாம் வகுப்பில் மாணவர் எவருமில்லாததால் வகுப்பு தேவையில்லையாம்.

"எவருமில்லைன்னு யாருங்க சொன்னா?"

"எத்தனை பேர்னு நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு பாரம் வந்துச்சும்மா. அனுமதியில்லாத வகுப்புல ஆளிருக்குன்னு எழுதினா என் வேலை போயிடும். பூஜ்யம்னு எழுதினேன்."

"எங்க உட்கார்ந்து எழுதுனீங்க?"

அவர் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார். வெளியே கைக்கெட்டும் தூரத்தில் கொட்டகை. நீலாயதாட்சி கணக்குச் சொல்லிக்கொடுப்பது தெளிவாகக் கேட்டது.

"அன்னைக்கும் இந்தச் சத்தம் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. நான் என்ன செய்ய? புதுச்சேரியில கேட்டா டெல்லிங்கிறான். டெல்லிக்காரன் பாரத்தைப் பாருங்கிறான்."

"அவன் எங்கேயோ இருக்கான், அவனுக்குத் தெரியாது. நீங்க எங்க கொட்டகை நிழல்ல சைக்கிள் நிறுத்துறவரு."

"உட்காரும்மா, டீ சொல்றேன்."

"உங்க கையால பச்சைத்தண்ணிகூட வேணாங்க."  பூவாயி திரும்பி வந்துவிட்டாள்.

பரீட்சை எழுத விடாத வகுப்புக்கு யார் வருவார்கள்? கொட்டகை காலியானது. "வகுப்பு வந்தாத்தானே படிப்புன்னேன்" என்றான் மருதையன். அடுத்த ஆனியில் அல்லி நாற்றுப் பறிக்க இறங்கினாள்.

அதே வாரம் இன்னொரு பாரம் வந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். தெட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிசகில்லாமல் எழுதினார். பதினொன்று.

உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு, முகத்தைப் பார்த்து எழுதுற கை அமையட்டும். அடுப்பு அணையாம, வாசல் நிறைஞ்சு, நல்லா இருங்க கண்ணுங்களா.