அடித்தல் திருத்தல் இல்லாத கேஸ் ஷீட்

அந்தக் கேஸ் ஷீட்டைப் பார்த்ததுமே வக்கீல் டாக்டருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அவள் வக்கீல் இல்லை. இப்போது பிரசவம் பார்க்கிற டாக்டரும் இல்லை. வலது மணிக்கட்டில் நரம்பு மக்கர் பண்ணி, கத்தி பிடிக்க முடியாமல் போனபிறகு, மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் உதவிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவள். எந்த டாக்டர் மேலாவது புகார் எழுந்தால், காகிதங்களைச் சேர்ப்பது, பதில் எழுத உதவுவது, விசாரணை நாளன்று பக்கத்து நாற்காலியில் உட்காருவது, எல்லாம் அவள் வேலை. அப்படி வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். கேலி பாதி, மரியாதை பாதி.

எதையும் லேசில் நம்பமாட்டாள் என்பது வீட்டிலும் பிரசித்தம். "கல்யாணத்துக்கு முன்னாடி என் சர்ட்டிபிகேட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தவ இவ" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

புகார் இதுதான். இரண்டாவது பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, மதியம் மூன்று மணி வாக்கில் வயிற்றில் இருந்த குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. குழந்தை ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, தப்பித்து வீட்டுக்குப் போய், இப்போது நான்கு மாதம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயும் தகப்பனும் விடவில்லை. அந்த ஐம்பது நிமிஷமும் டாக்டர் எங்கே போனார் என்று மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள்.

புகாருக்கு ஆளானவர் சாமானியப்பட்டவர் இல்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். கைராசி டாக்டர் என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும்.

சங்கத்தின் செயலாளர்தான் ஃபைலைக் கொடுத்தார். கைராசி டாக்டர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் மகப்பேறு பிரிவுக்குத் தலைவரும் அவரே. சின்ன விஷயம்தான், குடும்பத்துக்காரர்கள் ஏதோ ஆத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள், ஒரு வாரத்தில் பதில் எழுதி முடித்துவிடுங்கள் என்றார். அடுத்த மூன்று நாளில் நான்கு தடவை போன் செய்து, என்ன ஆச்சு, எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேட்டார். சின்ன விஷயத்துக்கு இத்தனை போன் எதற்கு என்று வக்கீல் டாக்டர் அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

கேஸ் ஷீட்டில் குறை என்று ஒன்றுமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறிப்பு, முத்து முத்தான கையெழுத்து, ஒரே நீல மை, வரிகள் கோடு போட்ட மாதிரி. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒரு சொட்டுக் கறையோ மடிப்போ கிடையாது. லேபர் வார்டில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கட்டில் கம்பியில் தாளை வைத்து, ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, கோழிக் கிறுக்கலாக எழுதுவதுதான் வழக்கம். இது மேஜை போட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதிய தாள்.

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், இருபது வருஷத்துக்கு முன்னால், பெரிய டாக்டர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அவளும் இப்படி ஒரு தாளை எழுதியவள்தான். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கைராசி டாக்டரை அவருடைய அறையில் போய்ப் பார்த்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பேஷன்ட்டை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரவில்லை, மயக்க மருந்து டாக்டர் வரத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார். பேசும்போது மேஜைமேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அடுத்து லேபர் வார்டின் தலைமை நர்ஸைக் கேட்டாள். "டாக்டர் பேஷன்ட்டை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரலை. மயக்க மருந்து டாக்டர் வரத் தாமதமாயிடுச்சு" என்று அந்த சிஸ்டர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். அதே வார்த்தை, அதே வரிசை.

இரண்டு பேரும் சேர்ந்து காது குத்துகிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கேயோ தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார், கூப்பிட்டதும் ஓடிவந்திருக்கிறார், அதைத்தான் பூசி மெழுகுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்காகப் பேச வந்தாளோ அவர் மேலேயே வெறுப்பு வந்தது.

வார்டுக்குப் பின்புறம், குழாயடியில் ஆயாம்மா ஒருத்தி ரப்பர் செருப்புகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். லேபர் வார்டுக்கு நீலச் செருப்பு, பின்கட்டிடத்து ஆபரேஷன் தியேட்டருக்குப் பச்சை. ஒன்று மற்றதன் பக்கம் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். வக்கீல் டாக்டர் சும்மா பேச்சுக் கொடுத்தாள். ஆயாம்மா வாயைத் திறந்தால் மூடுகிற ரகம் இல்லை. மருமகள், மூட்டுவலி எல்லாம் முடிந்து, பேச்சு செருப்புக்கு வந்தது.

"பச்சை ஜோடி ஒண்ணு இங்க கிடந்துச்சும்மா. தியேட்டர்காரி வந்து என்னைத் திருடின்னு சொல்லாத குறை. நானா போட்டுட்டு வந்தேன்? டாக்டரம்மா போட்டுட்டு வந்தாங்க."

"எந்த டாக்டரம்மா?"

"நம்ம கைராசி அம்மாதான். பெட்டியில வச்சிருந்தாங்களே ஒரு குழந்தையை, அது பொறந்த அன்னிக்கு. பின்கட்டிடத்துலேருந்து ஓடி வந்தாங்க. அந்த வயசுல அப்படி ஓடி நான் பார்த்ததில்ல."

அப்படியானால் வெளியே போகவில்லை. இதே ஆஸ்பத்திரியில், இன்னொரு தியேட்டரில் இருந்திருக்கிறார்.

கைராசி டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரக் கடிதம் பையில் இருந்ததால், தியேட்டர் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்வதில் சிரமம் இல்லை. அன்று மதியம் இரண்டேகாலிலிருந்து மூன்றரை வரை அங்கே ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன். செய்தவர் என்ற இடத்தில் பிரிவுத் தலைவரின் பெயர், அதாவது செயலாளரின் பெயர், இருந்தது. வக்கீல் டாக்டர் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ பார்த்த தேதியாகப் பட்டது.

வீட்டுக்குப் போய்ப் பழைய டைரியைப் புரட்டினாள். அன்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். இரண்டரை மணிக்குச் செயலாளர் மேடையேறி முக்கால் மணிநேரம் பேசினார். தலைப்பு, மகப்பேறு மருத்துவர்களின் பணிச்சுமை. ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிற்கச் சொல்கிறார்கள், நமக்கென்ன நாலு கையா இருக்கிறது என்று அவர் கேட்டபோது அரங்கமே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கக் கைதட்டியவர்களில் இவளும் ஒருத்தி. சங்கத்தின் செய்தி மடலில் தேதியோடு படமே வந்திருந்தது.

இந்த ஃபைலைச் செயலாளர் ஏன் தன்னிடம் தந்தார் என்ற கேள்வி குடைந்தது. வேலை போய் நின்றவளுக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தவர் அவர்தான். நன்றிக்கடனில் வாயைத் திறக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருப்பாரோ?

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைராசி டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். செய்தி மடலையும் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் திரும்ப மூடிவிட்டார்.

"எழுதினது நான்தான்" என்றார் கடைசியில்.

"யார் எழுதச் சொன்னது, மேடம்?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எனக்கு எக்ஸ்டென்ஷன் லெட்டர் வரும். அதுல யார் கையெழுத்து இருக்கும்னு உனக்கே தெரியும். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

மெல்ல மெல்ல மற்றதும் வந்தது. இரண்டு வருஷமாகவே இப்படித்தான். செயலாளர் கூட்டம், மாநாடு என்று போய்விடுவார், அவர் பெயரில் இவர் ஆபரேஷன் செய்வார். அன்று சிஸ்டர் தியேட்டருக்கு மூன்று முறை போன் செய்தபோது, மேஜைமேல் ஒருத்தி வயிறு திறந்த நிலையில் கிடந்தாள். ரத்தம் நிற்கவில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியாது. பிரசவம் பார்க்கிற வேறு டாக்டரும் அந்த வளாகத்தில் இல்லை. தையல் போட்ட கையோடு ஓடிவந்திருக்கிறார்.

இரண்டு உயிரும் பிழைத்ததே இவரால்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், பொய்த்தாள் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வக்கீல் டாக்டர் அதை ஒளிக்காமல் சொன்னாள். தாளைத் திருப்பி எழுதியதற்குத் தண்டனை நிச்சயம், ஆனால் அலட்சியம் என்கிற பழி நிற்காது. மாறாக, இந்த அழகான தாளோடு போனால், பக்கத்திலேயே இருந்தும் ஐம்பது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற டாக்டர் என்றுதான் எழுதுவார்கள்.

"நீ யாருக்காகப் பேசறே?" என்று கைராசி டாக்டர் கேட்டார். "அவர் அனுப்பி என் வாயைப் புடுங்க வந்தியா?"

வக்கீல் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவே பட்டது. அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள். தன்னுடைய பழைய தாளைப் பற்றிச் சொன்னாள். இருபது வருஷத்தில் முதல் முறையாக. யார் எழுதச் சொன்னார்கள், எந்தப் பேஷன்ட், அந்தப் பேஷன்ட்டுக்கு என்ன ஆயிற்று, எல்லாம். கைராசி டாக்டர் கேட்டுக்கொண்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

அன்று வார்டில் எழுதிய அசல் தாளைக் கிழித்துவிட்டதாகத்தான் கைராசி டாக்டர் நினைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, யாரோ எதுவோ சொல்லியிருக்க வேண்டும், தலைமை நர்ஸ் ஒரு பழுப்பு உறையோடு வக்கீல் டாக்டரின் அலுவலகத்துக்கு வந்தார். கிழிக்கச் சொல்லிக் கொடுத்த தாளை அவர் கிழிக்கவில்லை. நாளைக்குத் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். உள்ளே நாலாய் மடித்த ஒரு தாள். அதில் சிஸ்டரின் கோழிக் கிறுக்கல், நேரம் போட்டு: தியேட்டருக்குப் போன், மறுபடி போன், மறுபடி போன்.

செயலாளருக்கும் காற்றுவாக்கில் விஷயம் போய்விட்டது. கூப்பிட்டனுப்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"சங்கம் இருக்கிறது டாக்டரைக் காப்பாத்த. காட்டிக் கொடுக்க இல்ல."

"நானும் டாக்டரைத்தான் காப்பாத்தப் பார்க்கிறேன் சார். எந்த டாக்டரைங்கிறதுதான் கேள்வி."

அவர் சிரித்துக்கொண்டே, மணிக்கட்டு இப்போ எப்படி இருக்கு என்று விசாரித்தார். அது அக்கறையா மிரட்டலா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தாள்.

விசாரணை நாளன்று அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. கைராசி டாக்டர் வருவாரா, வந்தாலும் பழைய பாட்டையே பாடுவாரா, சிஸ்டர் உறையைப் பார்த்ததே இல்லை என்பாரா? குழுவில் மூன்று பேர். எதிர் வரிசையில் தாயும் தகப்பனும், மடியில் தூங்குகிற குழந்தை. கைராசி டாக்டர் எழுந்து நின்றபோது வக்கீல் டாக்டர் மேஜைக்கு அடியில் விரல்களை இறுகக் கோத்துக்கொண்டாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "அந்தத் தாள் பொய். நான் எழுதினேன். நான் அங்க இல்ல, பின்கட்டிடத்துல இன்னொருத்தர் பேர்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு நடந்ததை நேரத்தோடு சொன்னார். பத்து நிமிஷம்தான் ஆயிற்று.

குழுத் தலைவர் ஏதோ கேட்க வாயெடுக்குமுன் அந்தத் தாய் பேசினாள். "அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா நாங்க புகாரே கொடுத்திருக்க மாட்டோம். நாலு மாசமா என் குழந்தைக்கு நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு எங்க வீட்டுல பேசிக்கிட்டிருக்காங்க."

கைராசி டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டாரா, உதடு மட்டும் அசைந்ததா, வக்கீல் டாக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அலட்சியம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. பொய்த்தாளுக்கு மூன்று மாதம் தொழில் செய்யத் தடை. ஒரு ஷிப்டுக்கு இரண்டு டாக்டர் கட்டாயம் என்று ஆஸ்பத்திரிக்கு உத்தரவு. செயலாளர் மேல் தனி விசாரணை. அவர் உடல்நிலையைக் காரணம் காட்டிச் சங்கப் பதவியை விட்டார். ஆனால் அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், எல்லாரும் எழுந்து கைகொடுத்தார்கள். வக்கீல் டாக்டர் பக்கத்து நாற்காலி இரண்டும் காலியாகவே கிடந்தன.

கைராசி டாக்டருக்கு எக்ஸ்டென்ஷன் வரவில்லை. தடை முடிந்ததும் இரண்டு அறை உள்ள ஒரு கிளினிக்கில் சேர்ந்தார். வக்கீல் டாக்டரோடு அதன்பிறகு பேசவில்லை. ஒருமுறை மருந்துக்கடையில் நேருக்கு நேர் பார்த்தபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். நன்றியா கோபமா என்று இவளுக்குப் பிடிபடவில்லை.

உதவிப் பிரிவுக்கு வரும் போன்கள் நின்றுபோயின. அந்த அம்மாவிடம் போனால் நம்மையே மாட்டிவிடுவாள் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் அவள் அலமாரித் தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பிரிவு இனி தேவையா என்று புதிய செயலாளர் ஒரு கடிதம் அனுப்பினார்.

அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் போன் அடித்தது. யாரோ ஒரு டாக்டர், ஆண் குரல், பெயர் சொல்லத் தயங்கியது. பிரசவத்தில் ஒரு சிக்கல், புகார் வரும்போல் இருக்கிறது என்றது.

"என் நம்பர் யார் கொடுத்தா?" என்று கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"கைராசி மேடம் கொடுத்தாங்க."

வக்கீல் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

அந்தப் பக்கம் கொஞ்சம் மென்று முழுங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க. 'அவகிட்ட போ, நீ சொல்ற எதையும் நம்பமாட்டா, உனக்கு அப்படி ஒருத்திதான் வேணும்'னாங்க."

அவள் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துக்கொண்டு, முதலில் நேரத்தைச் சொல்லுங்கள் என்றாள்.