இங்கன என்றால் எங்கே

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு டென்மார்க்கிலிருந்து மார்ட்டின் என்பவரின் மின்னஞ்சல் வந்தது. முகம் தெரியாத ஆள். எங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடுகிறது என்றும், காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பியிருப்பதாகவும், சரியென்றால் சேர்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார். நம் ஊரில் ஒருத்தன் தப்பைக் கண்டுபிடித்தால் நாலு பேரிடம் சொன்ன பிறகுதான் தப்பு செய்தவனிடம் வருவான். இந்த மனிதர் தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று தொடங்கியிருந்தார்.

எங்கள் என்று எழுதுகிறேன். நானும் நூகுவும் எழுதியது அது. திருநெல்வேலிப் பேட்டையில் மில் இயந்திரங்களின் கட்டுப்பாட்டு போர்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் வேலை பார்த்தோம். போர்டில் இருக்கும் பழைய சிப் என்னென்ன செய்யுமோ, அத்தனையையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து காட்டும் புரோகிராம். போர்டு கையில் இல்லாமலே கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று அதை இன்டர்நெட்டில் அப்படியே போடச் சொன்னது நூகுதான். "நாம போவ முடியாத ஊருக்கெல்லாம் அது போவட்டும் லே" என்றான்.

நினைவகத்தில் ஓரிடத்தில் கிடப்பதை அள்ளி இன்னோரிடத்தில் வைக்க அந்தச் சிப்பில் ஒரு கட்டளை உண்டு. எடுக்கிற இடத்துக்கு 'அங்கன' என்றும் வைக்கிற இடத்துக்கு 'இங்கன' என்றும் பெயர் வைத்தோம். அங்கன கெடக்கதை இங்கன கொண்டா, அவ்வளவுதான். நடுவில் கொஞ்சம் காத்திருக்கும் வரிக்கு 'பைய' என்று பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய திருநெல்வேலித் தமிழ். வெள்ளைக்காரன் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தொண்ணூற்றாறில் நூகு சவூதியில் இருக்கும் தம்மாமுக்கு வேலைக்குப் போனான். மேலப்பாளையத்தில் மனைவி ஷரீபா பீவியும், தவழ ஆரம்பித்திருந்த மகள் தஸ்மியாவும். வெள்ளிக்கிழமை லீவில் அங்கே உட்கார்ந்து எழுதுவான், மின்னஞ்சலில் எனக்கு வரும். இந்த வருடம் பிப்ரவரியில், அள்ளி வைக்கும் அந்தப் பகுதியை வேகமாக ஓடும்படி புதிதாக எழுதி அனுப்பினான். நான் படிக்கவில்லை. அப்படியே சேர்த்து இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டேன். நூகு எழுதியதை நான் சரிபார்ப்பதாவது என்று ஒரு எண்ணம். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில், தம்மாமில் கம்பெனி வேன் கவிழ்ந்து நூகு இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மார்ட்டினின் திருத்தத்தைத் திறந்தேன். நீக்கும் வரிகளுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், சேர்க்கும் வரிகளுக்கு முன்னால் கூட்டல் குறி. கழித்தல் குறி போட்டதெல்லாம் நூகுவின் வரிகள். முதல் பார்வையிலேயே எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவன் எழுதியதை அடிக்க இவன் யார்? தப்பு இல்லை என்று நிரூபித்துவிடும் வெறியோடு, வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். நூகு எழுதியதை முதன்முதலாகப் படித்தேன்.

தப்புதான். நூகு இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தான். 'இங்கன'விலிருந்து எடுத்து 'அங்கன'வில் வைக்கிறது அவன் பகுதி. நான் எழுதிய பகுதி பழைய வழக்கப்படி முகவரிகளைக் கொடுக்க, இது தலைகீழாக அள்ளிக் கொட்டி, இருப்பதை அழித்து, படுத்துவிடுகிறது. கம்பெனியில் பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தான். இது என்ன மொழி, இதையும் எடுத்துவிடலாமா என்று மார்ட்டின் மின்னஞ்சலின் கடைசியில் கேட்டிருந்தது அந்தக் குறிப்பைத்தான்.

"இங்கன = பேட்டை. அங்கன = தம்மாம். இங்கனருந்து அங்கன போவுது. பைய."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். தம்மாமில் உட்கார்ந்து எழுதியவன் அவன். அவனுக்குத் தம்மாம்தானே இங்கன?

மார்ச்சில் வந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். தேடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தேடினேன்.

"ரெண்டு வருசம் முடியுது. கம்பெனிக்காரன் திரும்பக் கையெழுத்துப் போடச் சொல்லுதான். இங்கனயே இருந்திரலாம்னு தோணுது லே. நீ என்ன சொல்லுத?"

அதற்குக் கீழே என் பதில். "இருந்திரு லே. இங்கன வந்து என்னத்தச் செய்யப் போற?"

அதற்கு அவன் "சரி லே" என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஜூனில் துக்கம் கேட்க மேலப்பாளையம் போயிருந்தேன். ஷரீபா பீவி புருஷனுக்காக இத்தா இருந்ததால் அந்நிய ஆண் முன்னால் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "வந்திருதேன்னுதான் சொன்னாவ அண்ணே. வீட்டுக்கு வெள்ள அடிச்சு வைக்கச் சொன்னாவ. பொறவு என்ன நெனச்சாவளோ, இருந்திருதேன்னுட்டாவ."

"எல்லாம் நேரம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். பிப்ரவரியில் அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால், மார்ச்சில் அவன் 'இங்கனயே' என்றது பேட்டையைத்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கும். பாவி, ஊர் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாதா? அவன் ஏன் சொல்ல வேண்டும், இங்கன என்றால் எனக்குப் புரியும் என்று நம்பியிருந்தான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. மார்ட்டினுக்கு எழுதினேன். திருத்தம் சரி, சேர்த்துக்கொள்கிறேன், பிழை எங்களுடையது. குறிப்பை மட்டும் எடுக்க வேண்டாம். என்ன மொழி என்று சொன்னேன். அர்த்தம் எழுதப் போய், நாலு தடவை அழித்து, கடைசியில் எழுதாமலே அனுப்பினேன்.

பிறகு புதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். 'அங்கன'வில் இருநூற்றைம்பத்தாறு எண்களை நிரப்பி, கட்டளையைக் கொடுத்தேன். படுக்கவில்லை. மறுபடி கொடுத்தேன். ஷெட்டில் மற்றவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கன இருந்ததெல்லாம், ஒன்றுகூட விட்டுப்போகாமல், பைய இங்கன வந்து சேர்ந்தது.