அரை நாள் லீவு

லோடு ஏற்றும் குட்டியானை வண்டியின் பின்தட்டில், மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே அப்பாவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, வெரசாகப் போகச் சொல்லி டிரைவரைப் பார்த்துக் கத்தினாள் இசக்கிச்செல்வி. மூட்டைகளை இறக்க நேரமில்லை. எதிரே குந்தியிருந்த எடைக்காரர் சங்கரபாண்டி தும்மினார். அவளும் தும்மினாள். அப்பா லிங்கராஜ் மட்டும் தும்மவில்லை.

போன தீபாவளியோடு வத்தல் கமிஷன் கடையை மகள் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அதே கடையில் சாக்குத் தைக்க உட்கார்ந்தவர் அவர். அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு நாடகம் வந்தது. மகன் முதலாளி, அப்பா சிப்பந்தி. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்பார். மகன் தர மாட்டான். கோவில்பட்டியே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து சிரித்தது. லிங்கராஜும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மகளை ‘முதலாளி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளும் விட்டுக்கொடுக்காமல் அதட்டினாள். விலைக்கு முறுக்கிக்கொண்டு வந்த விளாத்திகுளத்து விவசாயிகள் சிரித்த வாயோடு படிந்துபோனார்கள். வேடிக்கைக்கு வேடிக்கை, வியாபாரத்துக்கு வியாபாரம்.

இன்றைக்கும் நெஞ்சைப் பிடித்தார்.

“முதலாளி, நெஞ்ச அடைக்குது. அரை நாள் லீவு தாங்க.”

கடையே சிரித்தது.

“மொதல்ல மூட்டையத் தைங்க வே. நெஞ்சு எங்கயும் ஓடிப் போயிராது” என்று அதட்டினாள் இசக்கிச்செல்வி.

தைத்தார். ஒரு மூட்டையை முடித்து, அடுத்ததன் மேல் கையில் ஊசியோடு சாய்ந்தார். நாடகத்துக்காரனே தோற்றான் என்று சங்கரபாண்டி கைதட்டினார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் லிங்கராஜ் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே தள்ளின வேகத்திலேயே ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வீட்டில் உடம்பைக் கிடத்தியதும் அம்மா ராமலட்சுமி அழவில்லை. மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“கடைசியா என்னட்டி கேட்டாவ?”

அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் போனார் என்று சங்கரபாண்டி முந்திக்கொண்டு சொன்னார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“லீவு கேட்டாவ” என்றாள் இசக்கிச்செல்வி.

“குடுத்தியா?”

கல்லாவில் உட்கார்ந்து ‘கட்டுபடியாகாது அண்ணாச்சி’ என்று முகம் மாறாமல் பொய் சொல்லிப் பழகிய வாய்தான்.

“குடுத்தேம்மா.”

அம்மா கிடத்தியிருந்தவரைப் பார்த்தாள்.

“அப்பம் ஏன் வீட்டுக்கு வரல?”

சங்கரபாண்டி மெல்ல வாசல் பக்கம் போனார். இசக்கிச்செல்வி இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினாள்.

“வத்தக் கையோட கண்ணத் தொடாத.”

அம்மா அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்கள் வர வர எல்லோரும் இசக்கிச்செல்வியின் கையைப் பிடித்துத் துக்கம் கேட்கக் கை நீட்டினார்கள். அம்மா அவள் கைகளை விடவில்லை.