துடுப்பு பிடித்தவள்

இயக்குநர் பிரவீன்குமார் கைகூப்பியபடியே காரிலிருந்து இறங்கினார். எதிரில் ஓர் ஆடுதான் நின்றது. பழக்கதோஷம்.

செராமிக் பொம்மைப் பட்டறை வாசலுக்குத் திரௌபதி வந்தாள். அவள் கணவர், காலஞ்சென்ற ராஜாங்கம் எழுதிய சாகச நாவல்தான் படமாகிறது. வெள்ளாற்று வெள்ளத்தில் ஒரு குடும்பம் படகோடு அடித்துச் செல்லப்படுகிறது. துடுப்பைப் பிடித்துக் கரைசேர்ப்பவள் அம்மா. நடந்த கதை. அந்த அம்மா திரௌபதி. வீட்டில் ஒருநாளும் அவளைப் பாராட்டாத மனுசன், புத்தகம் நெடுகப் பாராட்டியிருந்தார்.

பட பூஜையில் வைக்க அவளே ஒரு பீங்கான் படகு செய்திருந்தாள். உள்ளே அப்பா, துடுப்போடு அம்மா, மூன்று பிள்ளைகள்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். “இது கலை இல்லம்மா, தவம்!” பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மா மட்டும் படத்துல இல்லீங்க.”

“எங்க போனா?”

“வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே செத்துடுறாங்க. அந்த இழப்புதான் படத்தோட ஆன்மா.”

“அப்ப படக யாரு ஓட்டறது?”

“அப்பா.”

“அவருக்கு நீச்சலே தெரியாதுங்க. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டுதான் வந்தாரு.”

“ஹீரோ வாந்தி எடுக்க முடியாதும்மா.”

மகன் நந்தகுமார் குறுக்கே வந்தான். அந்த வெள்ளத்தில் அவள் மடியில் கிடந்து வந்தவன். இப்போது படத்தில் அவனுக்கு ஒரு காட்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“யம்மா, சினிமான்னா அப்டித்தான். உரிமைய எழுதிக் குடுத்தாச்சு. சும்மா இரு.”

“நான் என்ன சொன்னேன்?” என்றாள். உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை மரத்துப்போகுமே, அதுபோல் உடம்பு முழுக்க.

“அம்மா பொம்மைய மட்டும் எடுத்துடலாமா?” என்றார் இயக்குநர்.

“பச்ச மண்ணா இருக்கறப்ப சொல்லியிருந்தா கம்பியால அறுத்திருப்பேன். சூளையில வெந்து ஒட்டிப்போச்சுங்க.”

பூஜையன்று அம்மா பொம்மைமேல் சாமந்தி மாலையைச் சுற்றி மூடினார்கள். துடுப்பின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குச்சி ஃபோட்டோவில் இடிக்கிறது என்றார் கேமராக்காரர். நந்தகுமார் அதை ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இயக்குநர் தாய்மையைப் பற்றி மைக்கில் உருகினார். கைதட்டல் ஓய்ந்ததும் இறங்கி வந்தார்.

“அம்மா இடத்துல ஒரு நாய் வருதும்மா. குடும்பத்தோட வர்றவங்களுக்குப் பிடிக்கும். அதையும் பண்ணித் தருவீங்களா?”

திரௌபதி சாமந்திக் குவியலைப் பார்த்தாள்.

“என்ன கலருங்க?”