இடது பக்கம் ரெண்டு விரல்

சென்றாயன் அந்த ஜீப்பை நாகலூருக்குக் கொண்டுவந்த அன்று, அதை ஜீப் என்று நம்பியவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் கழன்று விழுந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. பானெட்டுக்குள் ஒரு கீரிக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது. தரைத் தகரத்தைப் பிளந்துகொண்டு ஒரு காப்பிச் செடி முளைத்து, பூவும் விட்டிருந்தது. அது காய்த்துப் பழுத்து, அந்தக் கொட்டையை வறுத்து அரைத்துக் காப்பி குடித்ததாகக்கூடச் சென்றாயன் பின்னாளில் சொல்வார். கசந்ததாம்.

வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல என்னைய ஏத்திட்டுப் போகப் போறீங்களா, இல்ல இதுக்குள்ள வெச்சுப் பொதைக்கப் போறீங்களா?"

"வைகாசித் திருவிழாவுக்கு நீ இதுல மகாராணியாட்டம் போற புள்ள. போகலீன்னா எம் பேரை மாத்திக்கறேன்."

அவர் அப்படிச் சபதம் போட்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் மழை ஈரப் பாறையில் வழுக்கி விழுந்ததில் கிருஷ்ணம்மாளின் இடுப்பும் முழங்காலும் போய்விட்டன. சென்றாயன் சேலத்தில் பஸ் டெப்போவில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, அவள் பிறந்த மலையிலேயே இருக்கலாம் என்று வாங்கிய வீடு, காப்பித் தோட்டத்துக்குள் பள்ளத்தில் இருந்தது. பஸ் வரும் ரோட்டுக்கு அரை மைல் கல்லும் முள்ளும் ஏற வேண்டும். கரடியூரில் பிறந்த நாள் முதல் ஒரு வருடம் தவறாமல் சேர்வராயன் மலை உச்சிக் குகைக் கோயில் திருவிழாவுக்குப் போனவள், மூன்று வைகாசியாக வாசலைத் தாண்டவில்லை. அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒருக்கா அந்தக் கொகைக்குள்ள தலையை நீட்டிச் சாமியப் பாத்துட்டு வந்தறோணும்."

ஆறு மாதம் வேலை நடந்தது. பக்கத்தில் இழுத்து மூடிக் கிடந்த எஸ்டேட்டின் கொட்டகையில் இருபத்தைந்து வருடம் துருவேறிக் கிடந்த வண்டி அது. ரேடியேட்டர் லாரியிலிருந்து, சைலன்ஸர் டிராக்டரிலிருந்து, ஹாரன் எங்கிருந்தென்று அவர் சொல்லமாட்டார். முதல் முறை எஞ்சின் பிடித்தபோது எழுந்த சத்தத்தில் கரடியூர் வரைக்கும் காப்பிப் பழம் உதிர்ந்தது என்று பேச்சு. அது பொய். பாதி தூரம்தான் உதிர்ந்தது.

கிருஷ்ணம்மாளுக்காக வண்டியையே மாற்றினார். வலது பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு இரும்புப் படி, பிடித்து ஏறக் குழாய்க் கைப்பிடி, பின்னால் பெஞ்சுக்குப் பதிலாக உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து பச்சை ரெக்ஸின் சீட்டு. அது இருவர் உட்காரும் சீட்டு. பாதியாக அறுக்க வேண்டும் என்று நாலைந்து முறை ரம்பத்தை எடுத்தார். ஏதோ ஒரு வேலை குறுக்கே வந்து, அப்படியே போட்டுவிட்டார்.

சீட்டைப் பூட்டிய பிறகு ஸ்பிரிங் பட்டைகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு டெப்போவில் ஒரு முறை உண்டு. பின்னால் நின்று வண்டியை ஓங்கி அமுக்கி விட்டால், இரண்டு முறை குதித்து நிற்க வேண்டும். மூன்றாவது குதித்தால் பட்டை சரியில்லை. சென்றாயன் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு, டீ குடித்துவிட்டு, ஒரு மாதம் ஆட்டினார். தினமும் மூன்றாவது குதித்தது. தினமும் எதையாவது முறுக்கினார்.

முப்பத்தோராம் நாள் வண்டி ஒருமுறை குதித்தது. இரண்டாவது முறை இறங்கியது. இடது பக்கம் இறங்கியபடியே நின்றுவிட்டது.

டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரலை அடுக்கி அளந்தார். வலது பக்கம் நாலு விரல். இடது பக்கம் ரெண்டு விரல்.

"பட்டை படுத்திருச்சு" என்று சொல்லிக்கொண்டு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டார். ரெண்டு விரல். இன்னொன்று போட்டார். ரெண்டு விரல். ஆத்திரத்தில் இடது ஸ்பிரிங்கைக் கழற்றி வலதிலும், வலதைக் கழற்றி இடதிலும் மாட்டினார். வலதுக்கு வந்த ஸ்பிரிங் நல்லபிள்ளையாக நாலு விரல் நின்றது. இடது மட்டும் ரெண்டு. அதைவிட ஆச்சரியம், காலையில் பார்த்தால் இரு பக்கமும் நாலு விரலாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, மூடிக் கிடந்த அந்த எஸ்டேட்டில் முன்பெல்லாம் வேலை விட்ட நேரத்துக்கு, இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு இறங்கியது. அப்போது வண்டியில் ஒரு ஈகூட உட்கார்ந்திருக்காது.

வீட்டில் ஒரு கறுப்புக் கோழி இருந்தது. சீட்டு வந்த நாளிலிருந்து அதன் நடுவில்தான் முட்டையிடும். இப்போது வலது ஓரத்தில் இட ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் சென்றாயன் அதைத் தூக்கி இடது பக்கம் வைத்தார். அது கத்தவில்லை, பறக்கவில்லை. காலை மடக்கிக்கொண்டு மெதுவாக, அடுத்தவர் மடியிலிருந்து இறங்குகிற மாதிரி, வலது பக்கம் இறங்கிப் போனது. ரெக்ஸினில் கை வைத்துப் பார்த்தார். இடது பாதி ஈரமாக, சில்லென்றிருந்தது.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் கிருஷ்ணம்மாளிடம் சொல்லிவிட்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, வெறுந்தூளிய யாராச்சும் ஆட்டுவாங்களா? கொழந்தையப் போடறதுக்கு முந்திக் கொழவிக்கல்லப் போட்டுத்தான ஆட்டுவோம்? நீங்க வெறுஞ்சீட்டப் போட்டு ஒரு மாசமா ஆட்டு ஆட்டுன்னு ஆட்டியிருக்கறீங்க. அத்தனை தடவை கூப்பிட்டா யாருதான் வரமாட்டாங்க?"

"நான் பட்டையத்தான புள்ள பாத்தேன்!"

"அது அவங்களுக்குத் தெரியுமா? போயி அம்மிக்கொழவிய எடுத்துட்டு வாங்க."

குழவியை மஞ்சள் தடவிப் பொட்டு வைத்து, மறுநாள் நாலு மணிக்குச் சீட்டின் இடது பாதியில் வைத்தார். பத்து கிலோக் கல். வைத்ததும் வண்டி இன்னும் இறங்க வேண்டும். சென்றாயன் கண்ணெதிரே அது மெல்ல மேலே எழுந்தது. நாலு விரல். முப்பது வருட ஃபிட்டர் வேலையில் பாரம் ஏற்றியதும் எழும்பிய வண்டியை அவர் பார்த்ததில்லை.

பயம் போனதும் குஷி வந்துவிட்டது. திருவிழாவுக்கு முந்தின நாள் ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் போய், அங்கே டீக்கடை வைத்திருந்த மூக்கனிடம் கதையை ஒன்றுக்குப் பத்தாக அளந்தார். ஸ்பிரிங் பத்து விரல் இறங்கியது, கோழி பேசியது, குழவி பறந்தது. மூக்கன் அந்தக் காலத்தில் அதே ஜீப்பை ஓட்டியவர். சிரிப்பார் என்று சென்றாயன் எதிர்பார்த்தார். மூக்கன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"எந்தப் பக்கம் எறங்குச்சுங்க மேஸ்திரி?"

"இடது."

"இடது பக்கந்தான் காலியா இருந்துச்சுங்க." மூக்கன் கடைக்குள்ளே உட்கார்ந்துவிட்டார். "அறுபத்தொண்ணு வைகாசிங்க. எஸ்டேட் ஆளுகளத் திருவிழாவுக்கு நடை நடையா ஏத்திட்டுப் போறேன். பெரட்டுக்களத்துல குப்பாயின்னு ஒரு பொண்ணு, நாலு வயசுப் புள்ளையோட நின்னுட்டிருந்தா. புள்ள பேரு ராசாத்தி. புள்ளைய மத்த கொழந்தைகளோட ஏத்தியாச்சு. அவளுக்கும் எடம் இருந்துச்சுங்க. அதுல நான் எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டர் ஊட்டுப் பொங்கப்பானைய வெச்சிருந்தேன். அடுத்த நடையில ஏத்திக்கறேன், இங்கியே நில்லுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"புள்ளைகள மேல எறக்கிட்டுத் திரும்பறப்ப ஆக்ஸில் ஒடஞ்சு போச்சு. அடுத்த நடையே இல்ல. மேல மஞ்சு எறங்கிச்சுங்க. பக்கத்துல நிக்கறவன் மொகம் தெரியல. அத்தனை கூட்டத்துல அந்தப் புள்ள மட்டும் காணாமப் போச்சு. ஒரு வாரம் தேடினோம். ஒரு துணி கெடைக்கல." மூக்கன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "குப்பாயி அந்த எடத்த உட்டு நவுரலீங்க. ஒம்பது வருசம். வேலை முடிஞ்சு நாலு மணிக்குப் பெரட்டுக்களத்துல வந்து நின்னுக்குவா. என்னையப் பாத்தா, 'ஏனுங்கண்ணா, ஜீப்பு வந்துருச்சுங்களா'ம்பா. சாகறப்பவும் அதத்தான் கேட்டாளாம்."

அந்தப் பெரட்டுக்களம், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற மைதானம், சென்றாயன் வீட்டுக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். இந்த முறை ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கிருஷ்ணம்மாள் கேட்டு முடித்ததும் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் புதுச் சேலை கட்டி, தடியை ஊன்றி, அந்த இரும்புப் படியில் கால் வைத்து ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் குழவியைத் தூக்கிச் சென்றாயன் கையில் கொடுத்தாள்.

"இத எறக்கி வைங்க."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பிரேக் புதுசு, ஏத்தம் செங்குத்து, இதுல கண்ணுக்குத் தெரியாத பாரம் வேறயா?"

"அப்ப நான் வரல. என்னைய எறக்கி உடுங்க."

"மூணு வருசமாக் கேட்டயே புள்ள! இதுக்குத்தான் நான் ஆறு மாசம்—"

"நான் மூணு வருசம். அவ இருவத்தஞ்சு வருசம்." அவள் வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் காலி இடத்தைக் கையால் தட்டினாள். "ஏ குப்பாயி, வா சாமி. ஜீப்பு வந்துருச்சு."

நாலு மணி ஆகவில்லை. காலை ஏழு மணி, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. 'டக்'.

அந்த ஏற்றத்தை அவர் எப்படி ஓட்டினார் என்று பிற்காலத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார். உண்மை என்னவென்றால், முன்சக்கரத்துக்கும் இழுப்புக் கொடுக்கும் சின்ன கியரைப் போட்டு, பின்னால் காட்டும் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, பின்னால் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓட்டினார். பின்னாலிருந்து கிருஷ்ணம்மாளின் பேச்சு மட்டும் கேட்டது. இது யாருடைய தோட்டம், அது எந்த வளைவு என்று யாருக்கோ காட்டிக்கொண்டே வந்தாள். நடுநடுவே பதில் கேட்கிறவளைப் போல நிறுத்தினாள்.

உச்சிப் பொட்டலில் வண்டியை நிறுத்திய மறுகணம், கிருஷ்ணம்மாள் படியில் கால் வைப்பதற்கு முன்பே, இடது பக்கம் எழுந்தது. சென்றாயன் ஓடிப்போய் அளந்தார். நாலு விரல்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணம்மாள் குகை வாசலில் குனிந்தாள். தலையை நீட்டிச் சாமியைப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், பொரி வாங்கினாள், வளையல் வாங்கினாள், ராட்டினத்தைப் பார்த்து இடுப்பைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். சபதம் நிறைவேறிவிட்டது. சென்றாயன் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தபோது மணி நாலு. மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது.

கிருஷ்ணம்மாள் ஏறி மறுபடியும் வலது ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

"நவுந்து நடுவுல உக்காரு. அவதான் எறங்கிட்டாளே. ஒத்தை லைட்டுதான் எரியுது, மஞ்சு மூடறதுக்குள்ள போயிறலாம்."

"எறங்கினவ ஊட்டுக்குத் திரும்ப வேண்டாமுங்களா?"

"அவ வராட்டி?"

"வர்ற வரைக்கும் நிப்போம். இந்த வண்டி ஒருக்கா ஏமாத்துனது போதும்."

சென்றாயன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். லாரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பொரிக்காரன் கூடையைக் கட்டினான். ராட்டினத்தைப் பிரித்து எடுத்துப் போனார்கள். வெள்ளைப் படலம் குகையை மறைத்தது, கொடிமரத்தை மறைத்தது, கடைசியில் வண்டியின் முன்சக்கரத்தையும் மறைத்தது. கண்ணுக்குத் தெரியாததால் அவர் இடது பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு, டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே நாலு விரலைச் செருகிக்கொண்டு காத்திருந்தார்.

பொட்டலின் கோடியில் யாரோ நடந்து வருகிற மாதிரி ஈரப் புல் சரசரத்தது. வண்டிக்கு அருகே வந்து நின்றது. மட்காடு அவர் விரல்மேல் மெல்ல அமர்ந்தது. ஒரு விரலை உருவினார். இன்னொன்றை உருவினார். ரெண்டு விரலில் நின்றது.

"போலாமுங்க" என்றாள் கிருஷ்ணம்மாள்.

அவர் எழுவதற்குள் இன்னொரு சத்தம். மிகச் சின்ன 'டக்'. மட்காடு மிச்சமிருந்த இரண்டு விரலையும் மெதுவாக நெருக்கியது. அரை விரல் அளவு. அவ்வளவுதான். முப்பது வருடம் பஸ் ஸ்பிரிங்கில் கை வைத்தவருக்கு அது எத்தனை கிலோ என்று தராசு சொல்ல வேண்டியதில்லை. நாலு வயதுக்கு அவ்வளவுதான் இருக்கும்.

விரல்களை உருவிக்கொண்டு, வண்டியைப் பிடித்தபடியே தடவித் தடவிப் போய் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். பின்னால் கிருஷ்ணம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுக்கிக்கொண்டு, இரும்புக் கம்பி இடுப்பில் குத்துகிற அளவுக்கு இன்னும் ஓரமாக ஒதுங்குகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க," என்றாள் குரலைத் தாழ்த்தி, "பாத்து ஓட்டுங்க. வண்டிய ஆட்டாதீங்க. புள்ள தூங்குது."