ஏழாம் எண்ணை அறுத்த ஞாயிற்றுக்கிழமை

“இது புதிய இனமல்ல. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட ஓர் இனத்தின் குட்டிகளைத்தான் கட்டுரையாசிரியர் புதிது என்று நினைத்துவிட்டார்.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, போனில் வந்திருந்த அந்த இரண்டு வரியைப் பவித்ரா மூன்று தடவை படித்தாள். பிறகு டிபன் பாக்ஸை மூடிவிட்டு, “யாருய்யா நீ?” என்று சத்தமாகவே கேட்டாள். பக்கத்து மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ரீனா மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கள இல்ல மேடம். ஜர்னல்ல இருந்து மெயில். யாரோ ஒருத்தர் என் கல்லையெல்லாம் குட்டிங்கிறார்.”

அவளுடைய கற்கள் பதினொன்று. ஆராய்ச்சிப் படிப்புக்காக ஜெர்மனியில் இருந்தபோது மொராக்கோ பாலைவனத்துக்குப் போய் அவளே குனிந்து பொறுக்கியவை. புளியங்கொட்டை அளவிலிருந்து சின்ன எலுமிச்சம்பழம் அளவு வரை இருக்கும். எல்லாமே சுருள் சுருளான ஓடுகள். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான அம்மோனாய்டு என்ற கடல் பிராணி அவற்றுக்குள் குடியிருந்தது. முப்பத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டெவோனியன் என்று சொல்லப்படும் காலத்தில், கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாகிப்போனவை. சாணார்பட்டி வீட்டில் அவற்றை முதலில் பார்த்த அவளுடைய அப்பா மலைச்சாமி, “சாளக்கிராமம் மாதிரியில்ல இருக்கு” என்றார்.

“அதே வம்சந்தான்ப்பா. ஆனா சாளக்கிராமம் இதுக்கு இருபது கோடி வருசம் இளசு.”

கற்கள் இப்போது ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ஊர் திரும்பும்போது அவற்றைக் கடனாக வாங்கி வந்து, திண்டுக்கல்லில் வகுப்பு எடுத்த நேரம் போக இரண்டு வருடம் உட்கார்ந்து விவரித்திருந்தாள். எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு அகலம், ஓட்டின் மேல் வரிகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதி, இது புதிய இனம் என்று ஜர்னலுக்கு அனுப்பியிருந்தாள். கட்டுரையைச் சரிபார்க்க ஜர்னல் கேட்டுக்கொண்ட இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அப்படியே வெளியிடலாம் என்றார். குட்டி என்று சொன்னவர் இரண்டாவது ஆள். பெயர் போடாத அந்த மனிதர் கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: “ஒரு கல்லையாவது நடுச்சுழியோடு அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டினால் நம்புகிறேன்.” திருத்தி அனுப்ப ஆசிரியர் கொடுத்த அவகாசம் மூன்று வாரம்.

கோபம் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று பவித்ராவுக்குத் தெரியும். பதில் தன் பக்கம்தான் இருக்கும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. அம்மோனாய்டு தன் பழைய ஓட்டைக் கழற்றிப் போடுவதில்லை. பிறந்தபோது இருந்த அறையைச் சுற்றியே அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு கிழ ஓட்டை நடுவில் அறுத்தால் அதன் குழந்தைப் பருவம் முழுக்க உள்ளே இருக்கும். வளர்ச்சி நின்றுபோகிற வயதில் கடைசி அறைகளை நெருக்கி நெருக்கிக் கட்டும். அந்த நெருக்கம் இருந்தால் அது குட்டி இல்லை. வெளியே ஓடு மூடியிருந்ததால் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. ஒரே ஒரு கல்லை அறுக்கலாம். முப்பத்தொரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தாள். இருப்பதிலேயே பெரியது அது.

அறுக்கத்தான் இடமில்லை. சென்னை ஆய்வகத்தில் இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். திருச்சி ரோட்டில் கிரானைட் கடை வைத்திருக்கும் நல்லுசாமியிடம் போனாள். அவர் கல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் மெஷினைக் காட்டினார்.

“பிளேடே மூணு மில்லி தடிமன்ம்மா. இத வச்சு அறுத்தா உங்களுக்குப் பாதி கல்லு, எனக்குப் பாதி மாவு. பல்லு செட்டு செய்றவங்ககிட்ட போங்க. அவுங்கதான் சின்னதா பிளேடு வச்சிருப்பாங்க.”

கடை வாசலைத் தாண்டுவதற்குள் பவித்ராவுக்கு ஃபர்ஹீன் ஞாபகம் வந்தது. பிளஸ் டூவில் ஒரே பெஞ்ச். இப்போது பேகம்பூரில் ஒரு மாடியில் பல் லேப் நடத்துகிறாள். நத்தம், வத்தலக்குண்டு டாக்டர்கள்வரை அவளிடம்தான் பல்லுக்கு உறை செய்ய அளவு அனுப்புகிறார்கள்.

“ஏன்டி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வரமாட்ட, கல்லு அறுக்கணும்னா வருவியா?” என்றாள் ஃபர்ஹீன். ஆனால் கை அதற்குள் கல்லை வாங்கிவிட்டது. விளக்கடியில் வைத்து உற்றுப் பார்த்தாள். “எவ்வளவு சுத்தமா வரணும்?”

“நடுவுல கசகசால பாதி அளவுக்கு ஒரு அறை இருக்கும். அதோட மையத்துல நிக்கணும். தாண்டிட்டா போச்சு.”

“பல்லுல கால் மில்லி தப்புனா ஆளு வாய மூட முடியாது. தினம் அதத்தான பண்றேன்? ஆனா உன் கல்லு குணம் எனக்குத் தெரியாது. உடைஞ்சா பரவாயில்லேன்னு ஒண்ணு குடு மொதல்ல.”

பவித்ரா அதே பாறையிலிருந்து எடுத்த இரண்டு உடைந்த துண்டுகளைக் கொண்டு வந்திருந்தாள். முதல் துண்டு, அறுக்கும் டிஸ்க் பாதி இறங்கியதுமே டக்கென்று நாலாகப் பிளந்தது. ஃபர்ஹீன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த இடங்களை வரிசையாகப் பார்த்தாள்.

“நான் உடைக்கலடி. உள்ள ஏற்கனவே முடி மாதிரி விரிசல் ஓடுது. பசையை உள்ள இறக்கிட்டு, ஸ்பீடக் குறைச்சு, தண்ணி விட்டுக்கிட்டே அறுக்கணும். ஞாயித்துக்கிழம வா. அன்னிக்கி டாக்டருங்க போன் வராது.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது துண்டு வெண்ணெய் போல அறுபட்டது. அதன்பிறகுதான் ஏழாம் எண்ணை எடுத்தார்கள். விரிசலுக்குள் தண்ணீர் போன்ற பசையை இறக்கி, பல் செட்டுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் கல்லைப் புதைத்து இறுக விட்டார்கள். மையக்கோட்டைப் பவித்ரா வரைந்தாள். ஒரு தடவை அழித்து மறுபடி வரைந்தாள். ஃபர்ஹீன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பிஸ்மில்லா சொல்லி டிஸ்க்கை இறக்கினாள். மையத்துக்கு ஒரு மில்லி தள்ளித்தான் வெட்டினாள். மீதியைத் தேய்த்துத்தான் போக வேண்டும்.

கண்ணாடித் தட்டில் உப்புத்தாள், தண்ணீர். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை பவித்ரா நுண்ணோக்கியில் பார்த்தாள். வெளிச் சுற்று தெரிந்தது. அடுத்த சுற்று. அதற்கடுத்தது. மணி ஒன்றாகிவிட்டது. கீழேயிருந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஃபர்ஹீன் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னும் பத்து தேய்க்கவா?”

“அஞ்சு.”

பார்த்தாள்.

“இன்னும் மூணு. அழுத்தாம.”

பார்த்தாள். சாம்பல் கல்லுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம். முதல் அறை.

“நிப்பாட்டு! நிப்பாட்டு ஃபர்ஹீன், அம்புட்டுதான்!”

அந்த வட்டத்திலிருந்து அறைகள் கிளம்பிச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிது. பவித்ரா எண்ணிக்கொண்டே வந்தாள். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு வரை ஒழுங்கான இடைவெளி. எழுபத்து மூன்றிலிருந்து சட்டென்று சுவர்கள் நெருங்கின. கடைசி நாலு அறைகளும் சேர்ந்து, அதற்கு முந்தின ஒரே அறையின் அகலம்தான் இருந்தன. அவள் கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி ஃபர்ஹீனின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“பாரு. கடைசியப் பாரு. வளர்றத நிப்பாட்டிருச்சு.”

ஃபர்ஹீன் செத்த நேரம் பார்த்தாள். “அப்ப குட்டி இல்ல.”

“கிழவன். அந்தப் பழைய இனம் சாண் அகலம் வளர்ந்த பிறகுதான் இப்படி நெருக்கும். இது முப்பத்தொரு மில்லியிலயே முடிச்சிருச்சு.”

“மாஷா அல்லா” என்ற ஃபர்ஹீன் மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்கின் மேல் அது அழுத்திய கோடு விழுந்திருந்தது. “வா, சாப்புடுவோம். உயிர் போகுது.”

அந்த ஒரு நாள் பவித்ரா வேறு எதையும் தொடவில்லை. திங்கள்கிழமை கல்லூரி விட்டு வந்ததும் அளக்க உட்கார்ந்தாள். ஏழாம் எண் பத்து மில்லி அகலமாக இருந்தபோது ஓட்டின் வாய் எவ்வளவு உயரம், பதினைந்தில் எவ்வளவு, இருபத்திரண்டில் எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போனாள். பிறகு மற்ற பத்துக் கற்களின் அளவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். எட்டுக் கற்கள் அந்த வரிசையில் அச்சாகப் பொருந்தின. மூன்றாம் எண்ணும் பத்தாம் எண்ணும் பொருந்தவில்லை.

மறுபடி அளந்தாள். மூன்றாம் எண் இருபத்திரண்டு மில்லி அகலம், வாய் ஒன்பது மில்லி உயரம். அதே அகலத்தில் ஏழாம் எண்ணின் வாய் ஆறு மில்லிதான். சின்ன வயதில் உயரமாக இருந்து பிறகு தணிந்திருக்கும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். ஏழாம் எண்ணின் வெட்டுமுகம் அப்படி இல்லை என்று சொன்னது. ஒன்பது மில்லி என்பது அந்தப் பழைய இனத்தின் அளவு.

பதினொன்றிலும் அழகானது மூன்றாம் எண். ஒரு கீறல் கிடையாது, ஓட்டின் வரிகள் ஒன்றுவிடாமல் இருக்கும். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, இந்தப் பெயர் இந்தக் கல்லுக்குத்தான் என்று ஒன்றை எழுதி வைக்க வேண்டும். மூலமாதிரி என்பார்கள். அவள் எழுதி வைத்திருந்தது மூன்றாம் எண்ணை. கட்டுரை அப்படியே அச்சாகியிருந்தால், எவனாவது ஒருநாள் அதை எடுத்து அளந்திருப்பான். அவள் வைத்த பெயர் அந்தப் பழைய இனத்தின் பெயருக்குள் கரைந்துபோயிருக்கும்.

எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஃபர்ஹீனுக்குப் போன் செய்தாள்.

“அப்ப அந்தாளு சொன்னது சரிங்கிறியா?” என்றாள் ஃபர்ஹீன்.

“ரெண்டு கல்லுல சரி. ஒம்போது கல்லுல தப்பு.”

“இத அவருகிட்ட சொல்லப் போறியா?”

“சொல்லாம? அந்த ரெண்டையும் கழிச்சாத்தான்டி மத்த ஒம்போதும் நிக்கும். இப்ப எவன் வந்து அளந்தாலும் நிக்கும்.”

பதில் கடிதத்தை இரண்டு பக்கத்துக்குள் முடித்தாள். சுற்றி வளைக்கவில்லை. மூன்றும் பத்தும் பழைய இனத்தின் குட்டிகள், அவற்றை நீக்குகிறேன். மீதி ஒன்பதும் வளர்ந்து முடிந்த சிறிய இனம், வெட்டுமுகப் படம் இணைப்பில். மூலமாதிரி இனி ஏழாம் எண். நன்றி சொல்லும் இடத்தில் அறுத்துத் தேய்த்தவர் என்று ஃபர்ஹீன் பெயரையும் ஊரையும் சேர்த்தாள். இனப் பெயரையும் மாற்றினாள். முன்பு அழகானது என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்திருந்தாள். இப்போது, முதிர்ந்தது என்று பொருள்படும் லத்தீன் ‘matura’; தமிழில் எழுதினால் மதுரா.

ஐந்து வாரம் கழித்து ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. இரண்டாவது மதிப்பீட்டாளர் இந்தத் தடவை தன் பெயரைப் போட்டிருந்தார். துறையில் முப்பது வருடமாக இருக்கிறவர். “மூன்றாம் எண்ணும் பத்தாம் எண்ணும் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறு என்று நான் யோசிக்கவே இல்லை. நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். என் அலமாரியில் ‘குட்டிகள்’ என்று சீட்டு ஒட்டிய நாற்பது கற்கள் கிடக்கின்றன. பார்க்க முடியுமா?” என்று எழுதியிருந்தார். அனுப்புங்கள், அறுப்பதற்கு அனுமதியோடு அனுப்புங்கள் என்று பவித்ரா பதில் போட்டாள்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது மலைச்சாமி மல்லிகைப் பூ மூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தார். சந்தைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கயிற்றை விட்டுவிட்டு வந்து போனில் படத்தைப் பார்த்தார்.

“பேரு என்ன வச்ச?”

“மதுரா.”

“ஏம்மா, திண்டுக்கல்ல உக்காந்து வேலை பாத்துட்டு மதுரை பேரு எதுக்கு?”

“அது லத்தீன்ப்பா. வளர்ந்து முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

“கேக்குறவன் மதுரைன்னுதான் நினைப்பான்” என்றார் அவர். பிறகு வெட்டுமுகத்தைப் பெரிதாக்கி, நடுவில் இருந்த வெள்ளைப் புள்ளியிலிருந்து அறைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.