முப்பத்தெட்டுக் கட்டங்கள்

ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிளை நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று கணினி சொன்னது. என் முதுகுக்குப் பின்னால் அறுநூற்றுப் பதினொன்று இருந்தன.

தப்பு என்னுடையதுதான். பார்வையிட வரும் அதிகாரிகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ்த் தலைப்புகளையும் பதிவேட்டில் தெலுங்கு எழுத்திலேயே எழுதிவந்தேன். புதிய பட்டியல் முறைக்காக ஏடுகளையெல்லாம் திருப்பதிக்கு எடுத்துப்போனார்கள். அங்கே கணினியில் ஏற்றியவர்கள் புரியாத தலைப்புகளை விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை பஸ் ஏறிப்போய்க் கேட்டேன். அந்த வேலையைப் பார்க்கும் சிட்டிபாபு கோபக்காரர் இல்லை. களைத்துப்போனவர்.

"ஏமி சேத்தாம், என்ன பண்றது, பிரேமலதா மேடம். ஆர்டர் வந்துட்சி. வெள்ளிக்கிழமைக்குள்ள கம்ப்யூட்டர்ல நம்பர் ஏறாத புக்கெல்லாம் மூட்டை கட்டி வெச்சிடணும், சனிக்கிழமை இங்கேருந்து வேன் வரும்."

"ரெண்டு நாள்தானே கீது சார்."

"எனக்கும் அதான் சொல்லிக்கினு கீறாங்க."

ஒரு புத்தகத்தைக் கணினியில் ஏற்ற முப்பத்தெட்டுக் கட்டங்களை நிரப்ப வேண்டும். தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் போடும் குடும்பப் பெயரான வீட்டுப்பெயரை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்கு நகராது. தமிழ் எழுத்தாளருக்கு வீட்டுப்பெயருக்கு நான் எங்கே போவேன்? இனிஷியலை அங்கே திணித்தேன்.

இரண்டு நாளில் இருநூறுக்கு மேல் முடியாது. எதைக் காப்பாற்றுவது? யார் எதை எடுத்தார்கள் என்ற ஏடும் திருப்பதியில். அட்டை தொங்குவது, முனை மடங்கியது, கறை பட்டது என்று பொறுக்கினேன். ஜனங்கள் படித்த புத்தகம் அப்படித்தானே இருக்கும். புதுசாக இருந்ததையெல்லாம் மூட்டை கட்டினேன். கண் எரிந்தாலும், தோள் கழன்றாலும், நியாயமாகத்தான் செய்கிறோம் என்ற நிம்மதி இருந்தது.

சனிக்கிழமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேன் போன பிறகு வள்ளி வந்தாள். பவர்லூமில் வேலை செய்பவள். பதினைந்து வருடமாக வாரம் தவறாமல் வருகிறாள். அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"நாங்க படிக்கிற புக்கு ஒண்ணுகூட காணோமே மேடம்."

"கிழிஞ்சதைத்தான் வெச்சேன் வள்ளி. அதைத்தானே எல்லாரும் படிச்சிருப்பீங்க."

அவள் போன வாரம் எடுத்துப்போன புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, மேலே சுற்றியிருந்த காலண்டர் தாளைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அட்டை நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

"கையெல்லாம் சாயம், எண்ணெய். தறிக்காரங்க எல்லாரும் அட்டை போட்டுக்கினுதான் படிப்போம். திருப்பிக் குடுக்கசொல்ல கழட்டிடுவோம்."

புத்தகத்தை அவளிடமே திருப்பி நீட்டினேன்.

"இதையாவது நீயே வெச்சிக்கோ. யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"படிச்சி முடிச்சிட்டேன் மேடம். வேற குடுங்க," என்றாள்.